பகலில் உறங்கும் சுறா

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளைஞர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில், அதுவும் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு, சுறாவைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கடற்கரை இங்கிருந்து சாலை வழியே நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரகடத்தில் உட்கார்ந்துகொண்டு சுறாக் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். நிலவியல் புத்தகங்களில் 'ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்' என்று ஒரு பாறை அடுக்குக்கே பெயர் இருக்கிறது. பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து எழுதிய பாறைகள் இவை. கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி, அதாவது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. இவற்றில் நிலத்துச் செடிகளின் இலைத் தடங்களும் கிடைக்கின்றன, கடலில் மட்டுமே வாழ்ந்த அம்மோனைட்டுகளின் ஓடுகளும் கிடைக்கின்றன. கரையும் கடலும் சந்தித்த இடம் இது. இன்னும் தெற்கே போனால், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில், அதே கிரிட்டேசியஸ் காலத்துச் சுறாப் பற்களையே ஆய்வாளர்கள் எடுத்து விவரித்திருக்கிறார்கள். இன்று நான் பேசப்போகும் நர்ஸ் சுறாக்களின் குடும்பமும் உலகின் பல இடங்களில் அந்தக் காலம் தொட்டே புதைபடிவமாகக் கிடைக்கிறது. ஆக, இந்த விலங்கு நமக்கெல்லாம் மிக மூத்தது. அந்த மரியாதையோடு தொடங்குவோம்.

மேடைக்கு வருமுன் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், கடிக்குமா?" நேர்மையான கேள்வி. சுறா என்றாலே முதலில் வருகிற கேள்வியும் அதுதான். பதில்: கடிக்கும். ஆனால் எப்போது, ஏன் என்று தெரிந்துகொண்டால் கேள்வியே வேறாக மாறிவிடும்.

முதலில் ஆளை அடையாளம் காட்டுகிறேன். நர்ஸ் சுறா என்று பொதுவாகச் சொன்னாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அட்லாண்டிக் கடலில், ஃபுளோரிடா, கரீபியன் தீவுகள், பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் இருப்பது ஒன்று. அறிவியல் பெயர் கிங்லிமோஸ்டோமா சிர்ரேட்டம். நம் பக்கத்துக் கடலில், செங்கடலிலிருந்து ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கை, அந்தமான் வழியாக ஜப்பானின் தென் தீவுகள், ஆஸ்திரேலியா வரைக்கும் இருப்பது மற்றொன்று. அது நெப்ரியஸ் ஃபெருஜினியஸ், பழுப்பு நர்ஸ் சுறா. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு சிறிய இனமும் இருக்கிறது. நான் இன்று பெரும்பாலும் நம் கடலின் பழுப்பு நர்ஸ் சுறாவைப் பற்றியே பேசுகிறேன். நெடுங்காலமாக ஆராயப்பட்டது அட்லாண்டிக் இனம் என்பதால் அதையும் துணைக்கு அழைத்துக்கொள்வேன்.

மூன்று மீட்டருக்கும் சற்று மேலே வளரும். உடல் மண்ணின் பழுப்பு நிறம். அகன்ற, தட்டையான தலை. மூக்குத் துளைகளின் ஓரத்தில் இரண்டு தசை இழைகள் தொங்கும். மணலில், பாறை இடுக்கில் என்ன இருக்கிறது என்று தொட்டும் சுவைத்தும் அறிய அவை உதவுகின்றன. கண் சிறியது. வாயும் தலையின் அளவுக்குச் சிறியதுதான். வால் நீளம், உடலின் கால் பங்குக்கு மேல் வாலே இருக்கும். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா இதற்கு நெருங்கிய உறவு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இழுவலையில் சிக்கும் சிறிய மூங்கில் சுறாக்களும் இதே வரிசைதான். நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்த வரிசையில் ஒரு பக்கம் கையளவு நீள மூங்கில் சுறாக் குட்டி, மறுபக்கம் பேருந்து நீளத் திமிங்கலச் சுறா. நடுவில் நம் நர்ஸ் சுறா.

இதன் வாழ்க்கை முறையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சுறா என்றால் ஓயாமல் நீந்த வேண்டும், நின்றால் செத்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆழ்கடலில் வேகமாக ஓடும் சில சுறாக்களுக்கு அது பொருந்தும். முன்னோக்கி நீந்தும்போது வாய்க்குள் புகும் நீர் செவுள்களில் பாய்வதால்தான் அவை மூச்சு விடுகின்றன. நர்ஸ் சுறா அப்படியில்லை. வாயின் தசைகளாலேயே நீரை உள்ளிழுத்துச் செவுள் வழியே வெளித் தள்ளும். அதனால் அடித்தரையில் அசையாமல் கிடந்தபடியே மூச்சு விட முடியும். பகல் முழுக்கப் பவளப் பாறையின் அடியில், குகையில், விளிம்பின் நிழலில் கிடக்கும். பல நேரங்களில் தனியாக இல்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றின் வால் இன்னொன்றின் முதுகில் கிடக்க, கூட்டமாகக் கிடக்கும். இரவு வந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பாறைத் திட்டைச் சுற்றி இரை தேடும். விடியும்போது பெரும்பாலும் பழைய குகைக்கே திரும்பும்.

இதை விளக்க உங்களுக்கு உவமை தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்திலோ வல்லக்கோட்டையிலோ ஒரு வாடகை அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துப் படுக்கிறீர்கள். அந்த நேரத்தில் எவனாவது கதவைத் தட்டினால் என்ன தோன்றும்? பார்ப்பவனுக்கு நீங்கள் சும்மா கிடக்கிறீர்கள். உங்களுக்கோ அந்தக் கிடப்புதான் அடுத்த ஷிப்டுக்கான முதலீடு. நர்ஸ் சுறாவின் பகலும் அதேதான்.

இது வெறும் ஒப்புமை இல்லை, அளந்து பார்த்த விஷயம். ஃபுளோரிடாவில் ஆய்வாளர்கள் அட்லாண்டிக் நர்ஸ் சுறாவின் ஆக்சிஜன் செலவைக் கணக்கிட்டு 2016ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதுவரை அளக்கப்பட்ட சுறாக்களிலேயே மிகக் குறைந்த ஆற்றல் செலவு இதனுடையதுதான். மெதுவாக எரிக்கும் உடல். குறைவாகச் செலவழித்து, குறைவாகத் தின்று, நீண்ட காலம் வாழ்வது அதன் வழி. அத்தகைய உடலுக்கு ஓய்வு என்பது சோம்பல் இல்லை. வரவு செலவுக் கணக்கின் மையமே அதுதான். யாராவது வந்து கலைத்து, அது எழுந்து அடுத்த பாறைக்கு ஓடினால், அந்த ஓட்டத்தின் செலவு அதன் கணக்கில்தான் எழுதப்படும்.

சரி, இரவில் எப்படிச் சாப்பிடுகிறது? இங்கே பொறியியல் படித்தவர்கள் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்குப் பிடிக்கும். நர்ஸ் சுறா துரத்திப் பிடிப்பதில்லை. உறிஞ்சுகிறது. ஆக்டோபஸ், நண்டு, சிங்கி இறால், பொந்துக்குள் தூங்கும் சிறு மீன், இவையே இரை. உதட்டைப் பொந்தின் வாயில் பொருத்தி, தொண்டை அறையை ஒரே வீச்சில் விரிக்கும். அறைக்குள் அழுத்தம் சடாரென்று விழும். நீரோடு இரையும் உள்ளே வந்துவிடும். அட்லாண்டிக் இனத்தில் அளந்தபோது இந்த உறிஞ்சல் 110 கிலோபாஸ்கல் வரை போயிருக்கிறது. ஒரு முழு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டிய கணக்கு. நீரில் உண்ணும் முதுகெலும்பிகளில் பதிவான மிக வலுவான உறிஞ்சல்களில் ஒன்று. ஆனால் வாயிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் இருப்பதைத்தான் அப்படி இழுக்க முடியும். அதனால்தான் அது இரையை மிக நெருங்கிப் போகிறது, அதனால்தான் இரை தூங்கும் இரவில் போகிறது. உடலின் வடிவம், வேலை நேரம், உணவு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதைப் பாருங்கள். தூண்டிலில் சிக்கினால் பழுப்பு நர்ஸ் சுறா இதே உறுப்பைத் திருப்பிப் பயன்படுத்தும். பிடித்தவர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும், உறுமவும் செய்யும்.

குட்டி போடும் விதமும் சொல்ல வேண்டியது. அட்லாண்டிக் இனம் ஒரு பேற்றில் இருபது முப்பது குட்டிகள் போடும். ஐந்தாறு மாதக் கர்ப்பம். பெண் சுறா அடுத்த பேற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்ளும். ஃபுளோரிடாவின் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் ஜெஃப்ரி கேரியர், வெஸ் பிராட் என்ற இருவர் பல பத்தாண்டுகள் இவற்றைப் பின்தொடர்ந்தார்கள். அதே சுறாக்கள் அதே ஆழமற்ற நீருக்கு ஆண்டுகள் கழித்தும் இனப்பெருக்கத்துக்குத் திரும்பி வருவதைக் கண்டார்கள். நம் பழுப்பு நர்ஸ் சுறாவோ மிகக் குறைந்த குட்டிகளே ஈனும். தாய் வயிற்றுக்குள்ளேயே குட்டிகள் கருவுறாத முட்டைகளைத் தின்று வளர்கின்றன. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சிச்சாலையில் கர்ப்பமான பழுப்பு நர்ஸ் சுறாவை நீருக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 2018ல் வெளியான அந்த ஆய்வு ஒரு விந்தையைக் காட்டியது. சுறாவுக்கு இரண்டு கருப்பைகள் உண்டு. குட்டிகள் ஒரு கருப்பையிலிருந்து மற்றதற்குத் தாமே நீந்திப் போய் வந்துகொண்டிருந்தன. தின்ன முட்டை தேடிப் போகலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வெளியே பகல் முழுக்க அசையாமல் கிடக்கும் விலங்கு, பிறப்பதற்கு முன் இவ்வளவு அலைந்திருக்கிறது!

இனி நம் பக்கம் வருவோம். சுறாவோடு தமிழர்களின் பழக்கம் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவர்கள் பெரிய மீன்கள் தாக்காதிருக்க மந்திரக்காரர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டதை எழுதியிருக்கிறார். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். மாலையானால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் கடல் மீனுக்குரியது. பல நூற்றாண்டு கழித்து, இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859ல் வெளியிட்ட நூலில், மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பில் மந்திரத்தால் சுறாவைக் கட்டும் 'கடல்கட்டி' என்ற பதவி இன்னும் நடப்பில் இருந்ததைப் பதிவு செய்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியில் அதுவரை நடந்த முத்துக்குளிப்புகளில் சுறாவால் நேர்ந்ததாக உறுதிசெய்யப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை.

இதை மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளிவிடலாம். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். கடல்கட்டி சுறாவின் வாயைக் கட்டினாரோ இல்லையோ, குளிப்பவனின் பயத்தைக் கட்டினார். பயம் இல்லாதவன் நீருக்குள் பதறுவதில்லை. அதோடு, பகல் மனிதனுக்கு, இரவு மீனுக்கு என்று ஒரு வரப்பு போட்டிருந்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. கடல்கட்டியும் போனார், அந்த வரப்பும் போனது.

அதன்பின் வந்தது 1975ல் வெளியான 'ஜாஸ்' படம். ஒரு தலைமுறையே சுறாவைக் கொலைகாரன் என்று நம்பியது. கொலைகாரனைக் கொன்றால் யார் கேட்பார்கள்? இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. மாலத்தீவிலோ பஹாமாஸிலோ யாரோ ஒருவர் நர்ஸ் சுறாவைத் தடவுகிறார், கட்டிப்பிடிக்கிறார், வாலைப் பிடித்துப் படம் எடுக்கிறார், கீழே லட்சம் லைக். முன்பு அது அரக்கன், இப்போது அது நாய்க்குட்டி. இரண்டிலும் சுறாவைக் காணோம். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: அது அசையாமல் கிடப்பது நமக்குத் தரும் அனுமதி இல்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பதிவான நர்ஸ் சுறாக் கடிகளில் பெரும்பாலானவை மனிதர்கள் சீண்டியதால் நடந்தவை. வாலை இழுத்தது, மிதித்தது, கையில் மீனை வைத்து ஊட்டியது, குகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இதன் பற்கள் சிறியவை, வரிசை வரிசையாக அடுக்கியவை. சதையைத் துண்டாக அறுப்பதை விட ஓடுகளை நொறுக்கப் பொருத்தமானவை. ஆனால் கடித்தால் விடாது. 2016 மே மாதம் ஃபுளோரிடாவின் போக்கா ரேட்டனில் ஒரு இளம்பெண்ணின் கையைக் கவ்விய இரண்டடி நீள நர்ஸ் சுறா, அடித்துக் கொன்ற பிறகும் பிடியை விடவில்லை. கையில் தொங்கும் சுறாவோடேயே அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சுறாவை அதற்கு முன் சிலர் சீண்டிக்கொண்டிருந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னது அன்றைய செய்திகளிலேயே வந்தது. கடிபட்டவருக்குக் காயம், சுறாவுக்கு உயிர். சீண்டியவருக்கு ஒன்றும் இல்லை.

நான் முதன்முதலில் பழுப்பு நர்ஸ் சுறாவைப் பார்த்தது லட்சத்தீவில், ஒரு பவளத் திட்டின் சரிவில். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், கதை சிறியது. முதலில் கண்ணில் பட்டது வால் மட்டும். பாறை விளிம்புக்கு வெளியே நீண்டு, நீரோட்டத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி கையை விரித்து நிறுத்தினார். நாங்கள் பக்கவாட்டில் விலகி, மணலைக் கிளப்பாமல் மிதந்தோம். கண் பழகியதும் நிழலுக்குள் இன்னொன்று தெரிந்தது. இரண்டும் மூச்சு விடுவது தெரிந்தது. செவுள்கள் சீராக விரிந்து மூடின. அதில் ஒன்றின் மூச்சு வேகம் கூடியது. வழிகாட்டி உடனே திரும்பச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார், திரும்பிவிட்டோம். அவ்வளவுதான். கேமராவில் பதிவானது மங்கலான ஒரு வால். யூடியூபில் போட ஒன்றுமில்லை. மேலே வந்து கேட்டபோது அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பாடமானது. செவுள் வேகமாக அடித்தால் அது விழித்துவிட்டது. அடுத்து அது வெளியேற வழி தேடும். வழியில் நாம் இருக்கக் கூடாது.

உங்களில் பலர் அந்தமான் போகிறீர்கள், மாலத்தீவுக்குத் தவணையில் டிக்கெட் போடுகிறீர்கள், புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொள்கிறீர்கள். நல்லது, போங்கள். ஆனால் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் சுறாவிடமிருந்து குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். குகை வாசலுக்கு நேராக ஒருபோதும் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று வெளியேறும் வழியைத் திறந்து விடுங்கள். தொடாதீர்கள், முக்கியமாக வாலை. பாறைக்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள், பிளாஷை முகத்தில் அடிக்காதீர்கள். மேலேயிருந்து நேராக இறங்காதீர்கள், மேலேயிருந்து வரும் நிழலை எந்த மீனும் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாது. சுறாவே உங்கள் பக்கம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருங்கள், போய்விடும். ஒருவேளை கவ்விவிட்டால் இழுத்துப் பறிக்காதீர்கள். இழுத்தால் காயம் பெரிதாகும், பிடியும் இறுகும். முடிந்தவரை அசையாமல் இருந்து, அது விடுவதற்கு நேரம் கொடுங்கள். பிறகு காயம் சிறிதென்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவு போட்டு வரவழைப்பதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடிய விஷயம் இல்லை. மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டின் ஹோல் சான் கடல் காப்பகப் பகுதியில் ஓர் இடம் உண்டு. மீனவர்கள் வலையிலிருந்து எடுத்த மீனை அங்கே சுத்தம் செய்து கழிவைக் கொட்டி வந்தார்கள். நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் கூடின. சுறா கூடியதும் சுற்றுலாப் பயணிகள் கூடினார்கள். மாலத்தீவின் வாவு பவளத்தீவில் அலிமத்தா என்ற இடத்தில் இரவு நேர முக்குளிப்புக்கு நர்ஸ் சுறாக் கூட்டம் பேர் போனது. அங்கும் தொடக்கம் தூக்கியெறிந்த மீன் மிச்சம்தான். மாலத்தீவு 2010ல் தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதையே தடை செய்தது. உயிருள்ள சுறாவைக் காட்டிச் சம்பாதிப்பது செத்த சுறாவை விற்பதை விட அதிக வருமானம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அத்தனை சுறாக்கள் இன்று இருந்திருக்காது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மனிதக் கையும் உணவும் ஒன்று என்று ஒரு விலங்கு கற்றுக்கொண்டால், உணவில்லாத கையையும் அது சோதித்துப் பார்க்கும். இரவு வேலைக்காரனைப் பகலில் எழுப்பி வேலை வாங்குகிறோம். பாறைத் திட்டில் நண்டையும் ஆக்டோபஸையும் தின்று ஒரு சமநிலையைக் காத்துவந்த சுறா, படகின் இன்ஜின் ஓசைக்குக் காத்திருக்கத் தொடங்குகிறது. ஆகவே பார்க்கப் போவது தவறில்லை. சுறா தன் வேலையைச் செய்யும்போது பார்க்கிறோமா, நமக்காக வேலை செய்ய வைத்துப் பார்க்கிறோமா என்பதில்தான் வேறுபாடு.

நம் கடலில் இதன் நிலை என்ன? உலகில் சுறா அதிகம் பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். கொச்சியைத் தளமாகக் கொண்டு மேற்குக் கரை முழுக்கப் போய் வந்தவர்கள். பல நாள் கடலில் கிடந்து உழைத்த அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2001ல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தது. 2015ல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே அரசு தடை செய்தது. அதன் சுமையைத் தூத்தூர் போன்ற ஊர்கள் தாங்கின. சட்டம் போடுகிறவர்கள் மாற்று வழியையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அங்கிருந்து கற்க வேண்டிய பாடம்.

நர்ஸ் சுறாவின் துடுப்புக்குப் பெரிய மதிப்பு இல்லை. இறைச்சி, ஈரல் எண்ணெய், தடித்த தோல் இவற்றுக்காகப் பல நாடுகளில் பிடிபடுகிறது. அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆழமற்ற நீரில், கரைக்கு அருகில் வாழ்கிறது. குட்டிகள் குறைவு. ஒரே பொந்துக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. ஆழ்கடல் சுறாவைத் தேடி நூறு மைல் போக வேண்டும். இதைப் பிடிக்க அந்தப் பொந்து தெரிந்தால் போதும், ஒரு திட்டில் இருக்கும் அத்தனையையும் காலி செய்துவிடலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற நிலையில் இருக்கிறது.

அதைவிட ஆழமான பிரச்சினை வீடு. பவளப் பாறையின் விளிம்பு இல்லையென்றால் இதற்குப் பகல் இல்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் இருந்தன. 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும் பின்பும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் அனுப்பினோம். அலையைத் தடுத்த பாறை போனதும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. தொழிற்சாலையில் வேலை செய்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். கச்சாப் பொருள் என்று நாம் பட்டியலில் எழுதுவது வேறு யாருக்கோ கூரையாக இருந்திருக்கலாம்.

நல்ல செய்தியும் உண்டு. மூன்றாவதாகக் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, தமிழக அரசும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் 2015 முதல் சரிவக வடிவக் கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலடியில் வரிசையாக இறக்கின. அவை அலையின் வேகத்தைத் தணித்தன. அவற்றின் இடுக்குகளில் மீன்கள் வந்து தங்கின, பவளம் ஒட்டி வளர்ந்தது. அச்சு, வார்ப்பு, எடை, நீரோட்ட விசை எல்லாம் உங்கள் கைக்குப் பழகிய சொற்கள். கடலைக் காப்பாற்றும் வேலையில் கடல் உயிரியல் படித்தவருக்கு மட்டும்தான் இடம் என்று நினைக்காதீர்கள்.

"இதனால் நமக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை, ஆனாலும் பதில் இருக்கிறது. 1995ல் நர்ஸ் சுறாவின் இரத்தத்தில் மார்ட்டின் ஃபிளாஜ்னிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு புதுவகை நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். நம் உடலின் எதிர்ப்புப் புரதத்தில் கனமான சங்கிலி, இலகுவான சங்கிலி என்று இரண்டு வகை உண்டு. சுறாவின் இந்தப் புரதத்தில் கனமான சங்கிலி மட்டுமே. அதன் முனை மிகச் சிறியது, உறுதியானது. பெரிய புரதம் நுழைய முடியாத இடுக்குகளை அது எட்டும். அதை மாதிரியாக வைத்து மருந்து உருவாக்கும் ஆராய்ச்சி இன்று உலகின் பல ஆய்வகங்களில் நடக்கிறது. பல கோடி ஆண்டுகள் மாறாத வேலையைச் செய்துவந்த ஓர் உடலில் நாம் இன்னும் படிக்காத பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

முடிக்கிறேன். இங்கிருந்து யாராவது அடுத்த ஆண்டு கடலடிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுறாவுக்கு உணவு போடுகிறீர்களா? தொட விடுகிறீர்களா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேரை அழைத்துப் போகிறீர்கள்? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றும், மூன்றாவதற்குச் சிறிய எண்ணும் பதிலாக வந்தால் பணத்தைக் கட்டுங்கள். "கண்டிப்பாகத் தொடலாம் சார், போட்டோவும் எடுத்துத் தருவோம்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். சுற்றுலா வியாபாரம் வாடிக்கையாளர் கேட்பதைத்தான் விற்கும். நீங்கள் கேட்பது மாறினால் அவர்கள் விற்பதும் மாறும். சட்டத்துக்கும் அரசுக்கும் காத்திராமல் உங்களால் செய்ய முடிந்தது இது.

 இனி உங்கள் கேள்விகள். முதல் கேள்வியைத் தம்பி ஏற்கெனவே கேட்டுவிட்டார், அடுத்தவர் எழுந்திருக்கலாம்.